ஐம்பத்தொன்பது பேர் சரி

"எத்தனை நாளா இந்தத் திருட்டுத்தனம்?"

பேராசிரியர் மாணவியைக் கேட்டார். மேசைமேல் அவளுடைய ஆய்வக ரெக்கார்டு விரிந்து கிடந்தது. பக்கத்திலேயே ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அவர் எழுதிய புகார், கையெழுத்து மட்டும் பாக்கி. அது மேலே போனால் அவளுக்கு ஒரு வருடப் படிப்பு போகும். பாலங்களைச் சோதிக்கும் மையத்தில் கிடைத்திருந்த பயிற்சி இடமும் கை நழுவிவிடும்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மில்லிமீட்டர். அளவு விஷயத்தில் மனிதர் அண்ணன் தம்பி பார்க்க மாட்டார்.

"இட்டுக்கட்டி எழுதல சார். கம்பியை மெஷின்ல மாட்டி இழுத்தேன். அறுந்தப்போ அது என்ன காட்டுச்சோ அதைத்தான் எழுதினேன். நாலு தடவை செஞ்சு பார்த்தேன்."

"கிளாஸ்ல அறுபது பேர். அதே கம்பி, அதே மெஷின். ஐம்பத்தொன்பது பேருக்குப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே வருது. உனக்கு மட்டும் நூத்துக்கு எட்டு குறையுதா? மெஷினுக்கு உன்மேல என்னம்மா கோபம்?"

அவர் சும்மா சந்தேகப்படவில்லை. பொய் ரீடிங்கைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை இந்த வருடம்தான் கல்லூரியில் வாங்கியிருந்தார்கள். சரியான ரீடிங் எப்படி இருக்கும் என்று அதற்குப் பழக்கிவிட, தன் டாக்டர் பட்டத் தீசிஸுக்கு எடுத்த முந்நூறு ரீடிங்கையும் அவரே ஏற்றியிருந்தார். அது அறுபது ரெக்கார்டையும் ஒரே நிமிடத்தில் மேய்ந்துவிட்டு ஐம்பத்தொன்பதைப் பச்சையிலும் ஒன்றைச் சிவப்பிலும் காட்டியது.

"கம்ப்யூட்டருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு கிடையாது. வெளியில நில்லு, கூப்பிடுறேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அவர் பேனா மூடியைத் திறந்தார். அப்போது பக்கத்து ஆய்வகத்திலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் அங்கீகாரக் குழு வருகிறதென்று, மெஷின்களின் அளவு சரிபார்க்க முதல்முறையாக வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்.

"சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? இந்தக் கம்பி இழுக்கிற மெஷின் நூத்துக்கு எட்டு குறைச்சுக் காட்டுது."

பேராசிரியர் எழுந்து போய்ப் பார்த்தார். மெக்கானிக் தான் கொண்டுவந்திருந்த சரிபார்க்கும் கருவியை மாட்டி மூன்று முறை இழுத்துக் காட்டினார். மூன்று முறையும் அதே எட்டு.

"இப்பதான் கெட்டுப்போச்சா?"

"இல்லைங்க. தயாரிச்ச இடத்துலயே தப்பா செட் பண்ணி சீல் வச்சிட்டாங்க. அந்த சீலை இன்னைக்கு நான்தான் உடைச்சேன். வாங்கின நாள்லேருந்து இது ஒருநாள்கூட சரியா காட்டியிருக்காது."

"வாங்கின நாள்லேருந்தா?" என்று பேராசிரியர் இரண்டு தடவை கேட்டார்.

திரும்பி வரும்போது அவருக்கு விஷயம் புரிந்தது. குறைத்துக் காட்டும் மெஷினில் குறைவாக எழுதியவள் அவள் ஒருத்திதான். மற்ற ஐம்பத்தொன்பது பேரும் புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை உண்டாக்கியிருக்கிறார்கள். அவர்கள் மெஷின் பக்கம் தலையைத் திருப்பியிருந்தாலே அதிசயம்.

காலையில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, "பொண்ணை இப்படித்தான் வளர்த்தீங்களா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பேராசிரியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளை உள்ளே அழைத்து, முதலில் உட்காரச் சொன்னார். அவள் கண்முன்னாலேயே புகாரை நாலாகக் கிழித்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா. தப்பு மெஷின்மேல. அதைப் பார்த்து எழுதினது நீ மட்டும்தான். உன்னைப் போய்த் திருடின்னு சொல்லிட்டேன். உங்கப்பாகிட்டயும் நானே பேசி மன்னிப்பு கேட்கிறேன்."

"பரவாயில்ல சார்" என்றாள். அவள் குரல் இன்னும் தெளியவில்லை. அதைக் கேட்க அவருக்கு இன்னும் வலித்தது.

மன்னிப்பு கேட்டும் மனசு ஆறவில்லை. அதற்கு ஒரு பரிகாரம் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. புதுத் தாள் ஒன்றை எடுத்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தார்.

"என்ன சார் எழுதுறீங்க?"

"புகார்தான். அந்த ஐம்பத்தொன்பது பேர் மேலயும். இன்னைக்கே போகுது."

"வேண்டாம் சார். விட்டுடுங்க."

"ஏன், சினேகிதங்கன்னு பார்க்கிறியா?"

"அதுக்கில்ல சார்."

"பின்ன என்ன? இவங்க கட்டப்போற பாலத்துல நாளைக்கு ஜனங்க நடக்கணும்மா. ரீடிங்ல கை வச்சவன் யாரா இருந்தாலும் பொய்யன்தான். இந்த மெஷின்ல சரியான விடை கொண்டுவந்த ஒருத்தர் பேர்கூட இதுல விட்டுப்போகக் கூடாது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னாள்.

"உங்க தீசிஸும் இதே மெஷின்லதானே சார் பண்ணீங்க?"