கடலில் ஒரு புள்ளி

செயற்கைக்கோளில் ஏறிய கேமராவின் சென்சாரைக் கடைசியாகச் சுத்தம் செய்து மூடியவள் செண்பகவல்லி. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்று பூமியைப் பார்த்த அந்தக் கேமராவின் முதல் படம் வந்ததும் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் திரையருகே போய்க் குனிந்தாள். ஒரு துறைமுகத்தை ஒட்டிய கடலை மட்டும் பெரிதாக்கிக் காட்டிய படத்தில், நீலத்தின் நடுவே மிளகளவு ஒரு கரும்புள்ளி.

“தூசியாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார் குழுத்தலைவர் வகாப்.

“மூணு தடவை பாத்துட்டுத்தான் சார் மூடினேன்.”

“அடுத்த படம் அரை மணியில வந்துரும். தூசின்னா அதே இடத்துலதான் இருக்கும்.”

யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். அவள் தொடவில்லை. இனி ஏறிப் போய்த் துடைத்துவிட்டு வர முடியாது. பத்து வருடம் எடுக்கப்போகும் எல்லாப் படங்களிலும் அது இருக்கும்.

இரண்டாவது படம் வந்தது. வகாப் பழைய இடத்தில் விரலை வைத்தார். அங்கே வெறும் கடல். புள்ளி துறைமுகத்தை நோக்கிச் சற்று நகர்ந்திருந்தது.

“கப்பல்மா,” என்றார்.

செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது படத்தில் கப்பல் இன்னும் கொஞ்சம் கரையை நெருங்கியிருந்தது. வகாப் பையை எடுத்துக்கொண்டு, “நீ கிளம்பலையா?” என்றார்.

“அது போய்ச் சேரட்டும் சார்,” என்றாள்.