பதினான்காவது சுற்று

ஆல்சே உச்சந்தலையில் படபடவென்று தட்டிக்கொண்டார். வெர்னல் அதைப் பார்க்கவில்லை. சாக்ஸபோனை வாயில் வைத்துவிட்டால் அவனுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும்.

டிரம்ஸ் வாசிக்கும் டூசான் பார்த்துவிட்டான். குச்சிகளை ஓங்கிக்கொண்டு காத்திருந்தான். வெர்னல் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் பழைய தாளத்துக்கே திரும்பினான்.

நியூ ஆர்லியன்ஸில் எங்கள் தெரு தேவாலயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஜாஸ் கச்சேரி. பதினோரு வருடமாக நடக்கிறது. அனுமதி இலவசம், முடிந்ததும் இறால் போட்ட கம்போ குழம்பு ஆளுக்கொரு கிண்ணம் உண்டு. ட்ரம்பெட் வாசிக்கும் ஆல்சேதான் குழுவுக்குத் தலைவர். கச்சேரி நோட்டீஸில் அவருடைய முகம் முக்கால் பக்கம், மற்ற நாலு பேரும் சேர்ந்து கால் பக்கம்.

வெர்னல் ஒருவழியாக முடித்தான். கூட்டம் ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டுக் கைதட்டியது.

“சனியன் விட்டுதுன்னு சந்தோஷத்துல தட்டுறாங்கடா,” என்று ஆல்சே அவன் காதில் கிசுகிசுத்தார். “மூணு நிமிஷம்னு சொன்னா ஆறு நிமிஷம் இழுக்கறே. ஜனங்க எவ்வளவுதான் பொறுப்பாங்க?”

“மெட்டு நல்லா வந்துச்சுண்ணே. விட மனசு வரல.”

“தன் முதுகு தனக்குத் தெரியாதுடா. இப்ப நான் வாசிக்கறேன், ஜனங்களைப் பார்த்துக் கத்துக்கோ. அவங்க சொல்றதுதான் இன்னிக்குத் தீர்ப்பு. நீ தேறலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து என் மருமகன் வாசிப்பான்.”

அந்த மருமகன் சாக்ஸபோன் கற்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் ஆல்சே சொன்னால் செய்துவிடுவார் என்று வெர்னலுக்குத் தெரியும். வார நாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன் அவன். ஐந்து நாளும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைச் சகித்துக்கொள்வதே இந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். இதுவும் போனால் அவனுக்கு வேறொன்றும் கிடையாது.

ஆல்சே ட்ரம்பெட்டைத் தூக்கினார். மெட்டின் முதல் நான்கு சுற்றும் அமைதியாகப் போயின. ஐந்தாவது சுற்றில், மூன்றாம் வரிசையில் இருந்த பல் டாக்டர் மெல்லக் கையை உயர்த்தித் தன் தொப்பியைத் தொட்டார்.

ஆல்சேவுக்குப் புல்லரித்தது. பெரிய வித்வான் ஒருவரின் சவ ஊர்வலம் தெருவில் போகும்போதுதான் எங்கள் ஊர் ஆண்கள் இப்படித் தொப்பியில் கைவைப்பார்கள். அவருக்கு அந்த மரியாதை உயிரோடு இருக்கும்போதே கிடைத்துவிட்டது.

உற்சாகத்தில் ஆறு, ஏழு என்று வளர்த்துக்கொண்டே போனார். தபால்காரர் தொப்பியைத் தொட்டார். கோயில் பாட்டுக் குழுவை நடத்தும் அம்மாள், காலையில் காசு கொடுத்துச் செய்துகொண்ட கொண்டை கலைவதைக்கூடப் பொருட்படுத்தாமல் உச்சியில் கைவைத்தார். பத்தாவது சுற்றில், முன்வரிசையில் இருந்த எண்பத்திரண்டு வயது மிஸ் ஒதீல் விசிறியை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோனாள்.

ஆல்சேவின் கண்ணில் நீர் துளிர்த்தது. ஊரே இத்தனை மரியாதை செய்யும்போது பாதியில் நிறுத்துவது நாகரிகமா? பதினான்கு சுற்று வாசித்தார். டூசான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வாசித்தான்.

கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் கம்போ அண்டாவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஆல்சே வெர்னலைச் சுவரோரமாக நிறுத்தினார்.

“எண்ணிப் பார்த்தியா? கூடம் முழுக்கத் தலையில கை. கடைசி பெஞ்சு வரைக்கும்! நீ வாசிச்சப்போ ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், தலையைத் தொட்டானா?”

“இல்லண்ணே.”

“அவ்வளவுதான். தீர்ப்பு ஆயிடுச்சு. அடுத்த வாரம் வராதே.”

வெர்னல் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துக் கொக்கியை மாட்டினான்.

அப்போது மிஸ் ஒதீல் கம்போக் கிண்ணத்தோடு வந்தாள்.

“தோள்பட்டை விட்டுப் போச்சு ஆல்சே. எத்தனை நேரம்தான் கையைத் தூக்கித் தலையிலயே வெச்சுக்கிட்டிருக்கறது?”

ஆல்சே நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். “நீங்க பண்ணின மரியாதையைச் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன், மிஸ் ஒதீல். வெர்னல், நல்லாக் கேட்டுக்கோ.”

“மரியாதையா?” மிஸ் ஒதீல் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டாள். “நீ தலையில தட்டினா வாசிக்கறவன் முடிச்சாகணும்னு பதினோரு வருஷமாப் பாக்கறோமே ராசா… நீ மட்டும் ஏன் முடிக்கல?”