பேர் தெரியாத ஆள் அனுப்பினது

மாக்கிறேற் அக்கா மறுபடியும் ஏதோவொரு ஈமெயிலைத் திறந்துவிட்டார்.

ஊர்காவற்றுறையில் அந்தக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இருந்த ஒரேயொரு கணினி, ஒருமுறை இருமிவிட்டுக் கண்ணை மூடியது.

ஜெனிஸ்ரன் தலையில் கை வைத்தான். பிழை அவனுடையது. இயங்குதளத்தைத் தமிழாக்கும் தொண்டர் குழு, பாதுகாப்பு எச்சரிக்கைகளை அவன் தலையில் கட்டியிருந்தது. எழுதுவதையெல்லாம் முதலில் சங்கத்துக் கணினியில் போட்டுப் பார்ப்பான்.

‘அறியப்படாத மூலத்திலிருந்து பெறப்பட்ட இணைப்பை இயக்குதல் ஊறு விளைவிக்கலாம்’ என்று முதலில் எழுதினான். குழுவிலிருந்த விரிவுரையாளர் ஒருவர் பாராட்டினார். மாக்கிறேற் அக்கா அதை வாசித்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ‘திறக்கவா?’ என்ற கேள்விக்கு ‘ஓம்’ என்பதை அழுத்தினார்.

‘ஆபத்து’ என்று மாற்றினான். அழுத்தினார்.

மண்டையோடு ஒன்று வரைந்துவைத்தான். மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே விறகு பொறுக்கிய மனுசி. அதையும் அழுத்தினார்.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. மகன் றஜீபன், வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு லண்டனுக்கென்று போய் ஒரு வருசமாகிறது. ஏதோவொரு பனி நாட்டில் நிற்பதாகக் கதை. சங்கத்துக்கு ஈமெயில் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். அக்கா காலைப் பூசை முடிந்ததும் நேரே வந்து, வந்திருக்கிற எல்லாவற்றையும் திறப்பார். ஆண்மை மாத்திரை விளம்பரத்தைக்கூடக் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்.

இன்னொருமுறை செத்தால் கணினி எழும்பாது. பிறகு றஜீபன் எழுதினாலும் ஊரில் வாசிக்க இடமில்லை.

கணினியை ஒருவாறு உயிர்ப்பித்துவிட்டு, ஜெனிஸ்ரன் தன் படித்த தமிழையெல்லாம் அழித்தான். அம்மா அடுப்படியில் நின்று ஏசுகிறமாதிரி எழுதினான்.

‘பேர் தெரியாத ஆள் அனுப்பினதைத் திறக்காதேங்கோ. திறந்தால் இந்தப் பெட்டி செத்துப்போகும். உடனே அழிச்சுவிடுங்கோ.’

அந்தக் கிழமை கணினி சாகவில்லை. அடுத்த கிழமையும் சாகவில்லை. இதுதான் தெளிவான தமிழ், எல்லாக் கணினிகளிலும் இதையே போடுகிறோம் என்று குழு எழுதியது. ஜெனிஸ்ரன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

மாக்கிறேற் அக்கா பாரைக் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தார்.

“இப்பதான் தம்பி எனக்கு விளங்கிற மாதிரி எழுதியிருக்கிறீர். பெட்டி செத்தால் பிள்ளை பிறகு எங்கை எழுதுவான்? பேர் தெரியாத ஒண்டையும் நான் தொடேல்லை. வந்ததையெல்லாம் உடனை அழிச்சுப்போட்டன்.”

“கெட்டிக்காரி. றஜீபன்ர பேரிலை ஒண்டும் வரேல்லையோ அக்கா?”

“அவன்ர பேரிலை எப்பிடி வரும்? போனது ஆரோ ஒரு பெடியன்ர பாஸ்போட்டிலை எல்லோ. போய்ச் சேருமட்டும் அந்தப் பேரிலைதான் எழுதுவன் எண்டவன். என்ன பேரெண்டு ஏஜென்சிக்காரன் எங்களுக்குச் சொல்லேல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அக்காவுக்கே கேட்டது.