எட்டாவது மாடியில் மதியச் சாப்பாடு

"ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு அந்த எட்டாவது மாடி ரெஸ்டாரன்ட்லதான். மத்ததையெல்லாம் நீ எப்படி வேணா மாத்திக்கோ" என்றார் டைம் கீப்பர்.

அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை அவருக்கு. மகள் இருக்கும் நகரத்துக்கு இரண்டு நாள் போய்ச் சுற்றிவிட்டு வரலாம் என்று பேச்சு வந்ததும், அதையும் பஸ் ஷெட்யூல் மாதிரியே போட்டுவிட்டார். சனிக்கிழமை மியூசியம், மிருகக்காட்சி சாலை, சாயங்காலம் மகளோடு ஏரிக்கரை. மறுநாள் காலையில் படகு சவாரி. அப்புறம் அந்தச் சாப்பாடு. நகரத்துக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னாராம். அன்றிலிருந்து இதே பேச்சுதான்.

"ராத்திரி போகலாமேங்க. ஊரே விளக்கு போட்டு அழகா இருக்குமாம்."

"மத்தியானம்தான்."

"சாப்பாடு ஒண்ணும் நல்லா இல்லையாம். பிளவுஸ் தைக்க வந்த டீச்சரம்மா சொன்னாங்க."

"நாமளும் சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுவோம்."

"எனக்கு உயரம்னாலே தலை சுத்தும்."

"ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

நாக்கு ருசிக்காக ஒரு மனுஷன் இப்படியா ஒற்றைக் காலில் நிற்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. என்ன ஆனாலும் சரி, அந்தப் பக்கம் இவரைத் தலைவைக்க விடக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

காரணத்தை அவரிடம் சொல்லவும் முடியாது. மகள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கிறவரை, அதே ரெஸ்டாரன்டில் மத்தியான வேளையில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கிறாள். "அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா" என்று போனில் அழுதிருந்தாள்.

தெரிந்தால் என்ன ஆகும்? "என் பொண்ணு ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கறா" என்று டிப்போவில் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறவர். தம்பி மகன் ஹோட்டல் வேலையில் சேர்ந்தபோது, "எச்சில் தட்டு எடுக்கறதுக்கா இவ்வளவு படிக்க வச்சாங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுத் தலைகுனிய வைத்தவர்.

மகளையாவது லீவு போடச் சொல்லிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்களாம். "நீதாம்மா எப்படியாவது அப்பாவை நிறுத்தணும்" என்றாள் மகள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைக்கு மகள் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"ஏம்மா காலைத் தாங்கித் தாங்கி நடக்கறே?" என்று கேட்டார் அப்பா.

"புதுச் செருப்புப்பா. கடிக்குது."

அவர் எதிரே இருந்த செருப்புக் கடைக்குள் போனார். மெத்தென்ற அடி வைத்த கறுப்பு ஷூ ஒரு ஜோடியோடு வந்தார்.

"நாள் பூரா உக்காந்து வேலை பாக்கறவளுக்கு இது எதுக்குங்க?" என்றாள் மனைவி. பொய் எங்கேயும் பிசகிவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு.

"இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் படகிலிருந்து இறங்கியதுமே அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. ரூமுக்குப் போயிடலாம்."

டைம் கீப்பர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னு தெரியும். அதான் காலையிலயே வாங்கி வச்சேன். போட்டுக்கிட்டு எந்திரி."

லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இனி மறைத்துப் பயனில்லை. இவர் அங்கே போய் மகளைத் திடுமென்று பார்த்து, எல்லார் முன்னாலும் ஏதாவது கேட்டுவிட்டால் பிள்ளை உடைந்து போய்விடுவாள். தானே சொல்லிவிடுவதுதான் நல்லது.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும். நீங்க கோபப்படக் கூடாது."

"அப்புறம் சொல்லு. பசிக்குது."

கதவு திறந்தது. உள்ளே ஒரே கூட்டம். கோடியில் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். சீருடை, இடுப்பில் ஏப்ரன், காலில் நேற்று வாங்கின கறுப்பு ஷூ. அம்மா பதறிப்போய்க் கணவரின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். "வாங்க சார். ஜன்னலோரமா நல்ல இடம் இருக்கு. ஊரே தெரியும்."

அந்த நேரம் பார்த்து மகள் திரும்பினாள்.

டைம் கீப்பர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மேனேஜரிடம் சொன்னார்.

"ஊரைப் பாத்தாச்சு தம்பி. அதோ, கறுப்பு ஷூ போட்டுக்கிட்டு நிக்கறா பாருங்க, அவ எங்க பொண்ணு. அவ பரிமாறுற மேஜை எதுவோ அதைக் குடுங்க. எங்க டிப்போ கண்டக்டர்கூட அவ கையால சாப்பிட்டுட்டு வந்துட்டார். பெத்த அப்பன், நான்தான் இன்னும் சாப்பிடல."