பெயர் சொல்லாத சாட்சி

"வழக்கைத் திரும்பவும் எடுக்க வேணாம் மிஸ். கும்பிட்டுக் கேக்கிறன்" என்று கைகூப்பினார் அழகரத்தினம்.

சட்டத்தரணி சுலோஜனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிறையிலிருந்து வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பேசி, வேலையும் தேடிக்கொடுக்கும் அவளுடைய மட்டக்களப்பு நிலையத்துக்கு வந்த எல்லாரும் "நான் செய்யல்ல" என்றுதான் அழுதிருக்கிறார்கள். இந்த மனுஷன் மட்டும் நேர்மாறு.

கிரான் ஊரில், சைக்கிளில் வந்த ஒருவர்மேல் உழவு மெஷினை ஏற்றிக் கொன்றதாகத் தண்டனை. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போனவர்.

"இந்தப் பேர் இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் உங்களுக்கு டிரைவர் வேல தரமாட்டாங்க ஐயா."

"கூலிக்குப் போறன் மிஸ். வட்டைக்குள்ள வயல் வேலையா இல்ல?"

"அவர் ஓட்டல்ல மிஸ்" என்றான் பக்கத்தில் நின்ற லக்ஷன். நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த இளம் சட்டத்தரணி. இந்த வழக்கைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவனும் அவன்தான். "மீளாய்வு மனு போடுவம். கண்ட சாட்சி இருக்கு."

"ஆர் அந்தச் சாட்சி?"

"கோட்டில வந்து சொல்லும் மிஸ்."

எத்தனை முறை கேட்டும் இதே பதில்தான். சுலோஜனாவின் சந்தேகம் தடித்தது. பேர் எடுக்கிற அவசரத்தில் பொய்ச்சாட்சி தயார்பண்ணுகிறானா? இவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இந்த மனுஷன் ஏன் வெலவெலத்துப் போகிறார்?

"லக்ஷன், நீர் கொஞ்சம் வெளியில நில்லும்."

அவன் அசையவில்லை.

"ஐயா, பயப்படாமச் சொல்லுங்க. இவர் உங்கள வெருட்டுறாரா?"

"ஐயோ, இல்ல மிஸ்! தங்கமான பிள்ளை."

"அப்ப ஆரக் காப்பாத்துறீங்க? உண்மையில மெஷின ஓட்டினது ஆர்?"

அழகரத்தினத்தின் கண்ணீர் மடியில் சொட்டியது.

"நான் சொல்லுறன் மிஸ்" என்று முன்னே வந்தான் லக்ஷன். "அண்டைக்கு அந்த மெஷின ஓட்டினது..."

கதிரை சரிந்து விழ எழுந்த அழகரத்தினம், பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"சொல்லாத மகன்! பள்ளிக்கூடப் பொடியனா இருந்த நீ லோயரா வரவேணும் எண்டுதானே, உன்னப் பெத்த நான் உள்ள போன!"