நாற்பதில் ஏழு

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. மருத்துவக் கல்லூரியில் கேட்கக்கூடிய நாற்பது கேள்விகளை மகள் அட்டைகளில் எழுதி, ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டி, தையல்காரரான அப்பாவிடம் கொடுத்திருந்தாள். மூன்று நாளாக அவர்தான் தேர்வாளர்.

அப்பா ஓர் அட்டையை உருவினார். "நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்."

"தவறு செய்வது மனித இயல்பு. அதிலிருந்து நான் கற்றது..."

"எடுத்த எடுப்புலயே உபதேசமா? முதல்ல என்ன நடந்துச்சு, அப்புறம் நீ என்ன செஞ்சே. கத்துக்கிட்டது கடைசியில ஒரே வரி. துணியை வெட்டாம பட்டன் வைப்பாங்களா?"

ஆய்வகத்தில் இரண்டு குப்பிகளின் லேபிளை மாற்றி ஒட்டியதையும், தானே போய் ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டதையும் வரிசையாகச் சொன்னாள். இப்போது நன்றாக வந்தது.

"அடுத்தது. ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?"

"இது பதினோராவது தடவைப்பா! நாற்பதுல ஏழைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறீங்க. நாளைக்கு மத்ததைக் கேட்டா நான் திருதிருன்னு முழிக்கணும்."

"அந்த ஏழே இன்னும் தேறலை, வாயாடி."

அவள் அட்டையைப் பிடுங்கினாள். அதில் இருந்தது வேறு கேள்வி. முந்தைய அட்டையைப் பார்த்தாள். அதிலும் வேறு.

"இதைப் படிங்கப்பா."

அவர் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

"அன்னைக்கு நீ படிச்சதுல ஏழுதாம்மா ஞாபகத்துல நின்னுச்சு. சொன்னா படிப்பைப் போட்டுட்டு என்னைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவே. ரெண்டு மாசமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை."