நிறைந்திருக்கிறது

"நெறஞ்சிருக்குதுங்க அம்மணி" என்றாள் வீட்டுக்காரி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பழைய பண்ணை வீடுகளைப் பட்டியல் எடுக்க வந்த பெண் கேட்டது ஒரே கேள்வி. இந்த வீட்டில் இப்போதும் பால் இருக்கிறதா?

உப்பு தீர்ந்தாலும் அரிசி தீர்ந்தாலும் அந்த ஊர்ப் பக்கம் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'நிறைந்திருக்கிறது' என்பார்கள். மனுசருக்கு இரண்டே அறை, எருமைகளுக்கு நீளக் கொட்டகை என்று கட்டிய வீடு அது. அங்கே பாலை இல்லை என்று சொல்ல வாய் எப்படி வரும்?

பட்டணத்துப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. 'பால் ஏராளம்' என்று எழுதிக்கொண்டாள்.

கறவை உள்ள வீடு மட்டும்தான் பட்டியலில் சேரும். சேர்ந்த வீட்டை, புதிதாக வரப்போகும் புறவழிச்சாலை சுற்றிக்கொண்டு போகும். சேராத வீட்டின் மேல் ஏறிப் போகும்.

கடைசி எருமையை விற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கறக்கக் குந்தினால் வீட்டுக்காரியால் எழ முடியவில்லை. விற்றாயிற்று.

சொன்னதைத் திருத்திவிடாதே என்று தூணோரம் நின்ற புருசன் கண்ணாலேயே கெஞ்சினார். பொய் பேசத் தெரியாத மனுசன். பார்க்கப் பாவமாக இருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீடு தப்பிவிடும்.

வந்தவள் தயங்கித் தயங்கி, குடிக்கக் கொஞ்சம் பால் கிடைக்குமா என்றாள். ஆறு மாசமாம். வெயில் வேறு.

காலையில் கடையில் வாங்கிய பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் ஊதி ஊதிக் குடித்தாள். எருமைப் பாலின் ருசியே தனி என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சியை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

"அது பாக்கெட் பாலுங்க அம்மணி. எங்கூட்டுல பால் இல்லீங்க."

வாக்கப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருசம். அந்தச் சொல்லை அந்த வீட்டுக்குள் சொன்னது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. அழுதாள்.

புருசன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வந்தவள் தான் எழுதியதைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

மூடினாள்.

டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்தாள்.

"பெரிய அதிகாரி நேர்ல பாக்க வர்றது வெள்ளிக்கிழமைதாம்மா. வித்த எருமை எந்த ஊர்ல இருக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பதில் சொல்லத் திரும்பினாள். தூணோரம் யாரும் இல்லை.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்று கழற்றி வைத்திருந்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், அவர் தோட்டத்துத் தடத்தில் பாதி தூரம் போயிருந்தார்.